எண்பத்தாறு மாடல், எட்டாம் நம்பர்

"எண்பத்து நாலு மாடல் அக்கா. ஒரே கை. டாக்டர் வெச்சினு இருந்த வண்டி," என்றார் ரகுபதி.

பழைய கார்களை வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகர் அவர். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடைதான் அவருக்கு ஆபீஸ். 1991 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்த நேரம் பார்த்து, வடக்குப்பட்டுக்குத் தாவீதைத் தேடி வந்திருந்தார். தாவீது தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். கம்பெனி வேனையும் அவ்வப்போது ஓட்டுவார். வாங்கப்போகிற காரை ஓட்டவேண்டியவரும் அவர்தான். ஆனால் ரகுபதிக்குப் பதில் சொன்னது அவருடைய அக்கா கிளியம்மாள்.

"எண்பத்து நாலுல பொறந்த வண்டி, எண்பத்தஞ்சுல எங்க நின்னுது?"

ரகுபதிக்குக் கேள்வி பிடிபடவில்லை. மெட்ராஸில்தான், டாக்டர் வீட்டில்தான், வேறெங்கே நிற்கும் என்றார்.

"டாக்டர் வூடு எந்தப் பக்கம்?"

அடையாறு பக்கம் என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் அவருக்கு அந்த வருஷத்து வெள்ளம் ஞாபகம் வந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அது காரு இல்ல ரகுபதி, படகு. படகு வேணும்னா நான் கோவளம் போய் வாங்கிக்கிறேன்."

தாவீது தம்பிக்குரிய பணிவோடு நடுவில் புகுந்தார். டாக்டர் வீடு மேட்டில் இருந்திருக்கலாம், அவர் பெரிய மாடிவீடு வைத்திருப்பார் என்றார். "காரை மாடியில ஏத்தினாரா?" என்று கிளியம்மாள் கேட்டாள். ரகுபதி அந்த வண்டியின் பெயிண்டைப் பற்றி ஆரம்பித்தார். கை வைத்தால் வழுக்குமாம், முகம் தெரியுமாம். ஏழு வருஷத்து வண்டிக்குப் புதுப் பெயிண்ட் எதை மறைக்க என்று அதற்கும் ஒரு கேள்வி வந்தது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எந்த வண்டியையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள், பழைய வண்டி என்றாலே ஜனங்கள் தயங்குகிறார்கள், வாங்குவதற்கு இதுதான் சமயம் என்று ரகுபதி வேறு பக்கமாக வந்தார். அதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"சரிக்கா. எந்த வருஷம்தான் வேணும்? அதைச் சொல்லிடு."

"எண்பத்தாறு. அதுக்கு மேல எங்களால முடியாது. அதுக்குக் கீழ எனக்கு வேணாம்."

இந்தப் பேச்சு முழுவதையும் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் தாவீதின் மகள் சத்யப்பிரியா. இருபத்தொரு வயது. ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் தமிழிலும், பிறகு ஸ்ரீபெரும்புதூர் கன்னியர் பள்ளியில் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டிலும் குறைவாகவே பேசுவாள். பிற்காலத்தில் அத்தையைப் பற்றி யாராவது கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைத்தான் அவள் முதல் வார்த்தையிலிருந்து வரிசையாகச் சொல்வாள். அத்தையைப் புரிந்துகொள்ள அது போதும் என்பது அவள் எண்ணம்.

எண்பத்தைந்தை அத்தை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டாள் என்பது சத்யப்பிரியாவுக்குத் தெரியும். கிளியம்மாள் இளம் வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த சில வருஷத்தில் தம்பியின் மனைவியும் போய்ச் சேர, தவழ்கிற குழந்தையாக இருந்த சத்யப்பிரியாவை வளர்த்தது அவள்தான். கன்னியர் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று நின்றவளும் அவளே. தம்பி சம்பளத்தில் அது ஆகாது என்று தெரிந்தபோது மெட்ராஸுக்குப் போய், ஆற்றங்கரையோரம் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். எண்பத்தைந்து நவம்பர் மழையில் அந்தத் தெருவுக்குள் ஆறு வந்தது. மொட்டைமாடியில் அரிசி மூட்டையோடும் வீட்டுக்காரர்களோடும் ஏறி நின்று அவள் கீழே பார்த்தாள். தெருவில் நின்ற கார்களுக்குக் கூரை மட்டும்தான் தெரிந்ததாம், தண்ணீரில் எருமை முதுகு தெரிகிற மாதிரி.

அதைவிட அவளுக்கு மறக்காதது பிறகு நடந்தது. தண்ணீர் வடிந்தது. சேறு வழிந்த அதே கார்கள் ஒவ்வொன்றாக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பொங்கலுக்குள் மெழுகு பூசிப் பளபளவென்று திரும்பின. ஒவ்வொன்றாகத் தெருவை விட்டு மறையவும் செய்தன. எல்லாம் எங்கே போகிறது என்று அந்த வீட்டு டிரைவரை அவள் கேட்டாள். "உங்க பக்கந்தான் ஆயா. காஞ்சிபுரம், வாலாஜாபாத், பெரும்புதூர். வெள்ளம் பார்க்காத ஜனங்க," என்று அவன் சிரித்தான். ஊர் திரும்பிய பிறகு, தாவீதின் தொழிற்சாலையில் சாப்பாடு போடும் வேலையை எடுத்து, ஷிப்ட் ஷிப்டாகச் சமைத்து, நாலு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்கிற அளவுக்கு அவள் வளர்ந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

கார் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். தாவீதே ஸ்கூட்டர் போதும் என்றார். கிளியம்மாள் நாலு கதவு உள்ள வண்டி என்று சொல்லிவிட்டாள். குடும்பமே உட்கார்ந்து போகவேண்டும். இதற்கும் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சத்யப்பிரியாவிடம் சொல்லவேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அன்று அத்தையின் தோளில் கிடந்தவளே அவள்தான்.

சத்யப்பிரியாவுக்கு ஒன்பது வயதில் மஞ்சள்காமாலை முற்றி, கண் திறக்காமல் கிடந்த ஒரு மதியம் அது. ஊரில் ஒரே ஒரு கார், பெரிய தெருவில், பெரிய வீட்டில் இருந்தது. தாவீது போய்க் கேட்டார். பெரிய வீட்டுக்காரர் மறுக்கவில்லை. தாராளமாக எடுத்துப் போகச் சொன்னார். வண்டியின் கதவைத் திறந்துவிட்ட வேலையாள் மண்ணாங்கட்டி, எஜமான் கண்ணைக் காட்டியதும் உள்ளே போய் ஒரு காலி யூரியா சாக்கைக் கொண்டுவந்து பின் சீட்டில் விரித்தான். "அது மேல உட்கார்ந்துக்கோங்க," என்றான்.

தோளில் குழந்தையோடு பின்னாலேயே வந்திருந்த கிளியம்மாள், குழந்தையைத் தம்பியிடம் கொடுத்தாள். சாக்கை எடுத்தாள். நாலாக மடித்தாள். பானெட் மேல் வைத்தாள். குழந்தையைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். ஒரகடம் சாலையில் ஒரு பால் வேன் நின்று ஏற்றிக்கொண்டது. அது செய்தது சரியா, குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வாய் என்று தாவீது பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சத்யப்பிரியாவும் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தத் தோளின் ஆட்டமும், தலைக்குமேல் கேட்ட மூச்சும் நினைவில் இருக்கின்றன.

அவர்களுடைய கிழக்குத் தெருவுக்குக் கார் வரவேண்டுமென்றால் பெரிய தெரு ஒன்றுதான் வழி. அதனால்தான் கிளியம்மாளுக்கு வருஷம் அவ்வளவு முக்கியமாக இருந்தது. மெக்கானிக் மாரியிடம் அவள் அதை மறைக்காமல் சொன்னாள்:

"அவங்க வண்டி நடுத்தெருவுல நின்னா, வண்டி நின்னுச்சுன்னு சொல்வாங்க. நம்ம வண்டி நின்னா, இவளுக்கெல்லாம் எதுக்கு வண்டின்னு சொல்வாங்க. நிக்காத வண்டியா காட்டு மாரி."

மாரி நேர்மையான ஆள், ஆனால் எதையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார். நின்றாலும் நிற்கலாம், ஓடினாலும் ஓடலாம் என்பார். வருஷத்தை மட்டும் வைத்து வண்டியை எடைபோட முடியாது, எண்பத்து மூன்றிலும் தங்கம் மாதிரி வண்டி இருக்கிறது என்றார். அந்த டாக்டர் வண்டியையும் எதற்கும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்றார். கிளியம்மாள் அசையவில்லை. உண்மையில் அந்த டாக்டர் வண்டி வெள்ளத்தின்போது வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மாட்டிக்கொண்டு தண்ணீரே பார்க்காமல் தப்பித்த வண்டி என்று பின்னால் தெரிந்தது. வாலாஜாபாத் ஜவுளிக்காரர் ஒருவர் அதை வாங்கி வெகுகாலம் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினார். இதை யாராவது சொன்னால், "நல்லா ஓட்டட்டும், நானா வேணாங்கறேன்?" என்று அத்தை பேச்சை முடித்துவிடுவாள்.

ஆடி பாதியில் மாரியே ஒரு செய்தி கொண்டுவந்தார். ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெருவில், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற யதிராஜன் என்பவரிடம் பியட் ஒன்று இருக்கிறது. பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து எண்பத்தாறு செப்டம்பரில் எடுத்த வண்டி. வீட்டை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. இருந்தும் ஒரு வருஷமாக யாரும் வாங்கவில்லை. ஏன் என்பதை மாரி சொல்லவில்லை. நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள் என்றுவிட்டார்.

அக்காவும் தம்பியும் சத்யப்பிரியாவும் போனார்கள். யதிராஜன் வாசலுக்கே வந்து அழைத்தார். அவர் மனைவி வைதேஹி, கூடத்து ஊஞ்சல் ஓரமாக நின்று, எந்த ஊர் என்று கேட்டார். வடக்குப்பட்டு என்றாள் கிளியம்மாள். எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வந்தது.

"கார் வாங்க வந்திருக்கிற தெரு," என்றாள் கிளியம்மாள்.

யதிராஜன் இருமினார். பேச்சைக் கொட்டகைப் பக்கம் திருப்பி வண்டியைக் காட்டினார். பால் நிறம். கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது, அங்கங்கே மங்கலாக. கிளியம்மாளுக்கு அந்த மங்கல் பிடித்துவிட்டது என்பதைச் சத்யப்பிரியா அவள் முகத்திலேயே பார்த்தாள். பிறகு யதிராஜன் நம்பர் பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"மறைக்கக் கூடாது, சொல்லிடறேன். ஆறாயிரத்து எண்ணூத்துப் பன்னிரண்டு. கூட்டினா பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு."

தாவீது வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எட்டாம் நம்பர் சனியின் எண். எட்டு வரும் வண்டியை அந்த வட்டாரத்தில் காசில்லாமல் கொடுத்தாலும் யோசிப்பார்கள். வைதேஹி பட்டியல் போட்டார். இந்த வண்டி வந்த மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகனுக்கு விசா கிடைக்கவில்லை. மாமரம் பூத்துப் பூத்து உதிர்ந்தது. யதிராஜன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கிளியம்மாளைப் பார்த்துச் சொன்னார்:

"காலையில எழுந்து நான் ஜபம் பண்ற மந்திரமே எட்டெழுத்துதாம்மா. அதையும் இவள்ட்ட சொல்லிப் பார்த்துட்டேன். மந்திரம் வேற, மோட்டார் வேறங்கறா."

"நீங்க சும்மா இருங்கோ," என்றார் வைதேஹி.

கிளியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். இந்த ஐந்து வருஷத்தில் வண்டி எங்கேயாவது வழியில் நின்றிருக்கிறதா? யதிராஜன் யோசித்தார். ஒரு தடவைகூட இல்லை என்றார். வைதேஹியும் கணவரை மறுக்கவில்லை.

"அப்ப எட்டு உங்களைத்தான் ஏதோ பண்ணியிருக்குது. வண்டியை ஒண்ணும் பண்ணல," என்றாள் கிளியம்மாள்.

வீட்டில் மூன்று நாள் சண்டை. தாவீது அதிகம் பேசாத மனிதர், அந்த மூன்று நாளும் பேசினார். ஆடி மாதத்தில் எட்டாம் நம்பரா, கம்பெனியில் தலைகாட்ட முடியுமா, லைனில் நிற்கிறவன் எல்லாம் சிரிப்பான் என்றார். நாம் கிறிஸ்தவர்கள், நமக்கு எட்டு என்ன ஒன்பது என்ன என்று கிளியம்மாள் சொன்னபோது, அவர் துருப்புச் சீட்டை இறக்கினார்: நம்ம பாஸ்டரே ஒன்பது வரும் நம்பராகப் பார்த்துத்தானே ஸ்கூட்டர் எடுத்தார்.

"எடுத்தாரு. போன மாசம் வல்லம் திருப்பத்துல அதுல இருந்து விழுந்தும் போனாரு," என்றாள் அவள்.

கடைசியில் தாவீது சத்யப்பிரியாவிடம் திரும்பி, நீ படித்தவள், நீ சொல் என்றார். சத்யப்பிரியாவுக்கு எட்டின்மேல் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த நம்பரைப் பார்த்ததிலிருந்து, கண்ணில் படுகிற நம்பரையெல்லாம் அவளும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது, சொல்லாமல் இருக்கவும் கூச்சமாக இருந்தது. "வண்டி நல்ல வண்டிதாம்பா," என்று மட்டும் சொன்னாள். கிளியம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆடி முடியும் வரையாவது பொறு என்று தாவீது கெஞ்சியதற்கும் அவள் இணங்கவில்லை. அடுத்த ஞாயிறே வண்டி கைமாறியது. பாஸ்டர், கையில் கட்டோடு வந்து, சன்னிதித் தெரு முனையில் நின்று ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்து ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, முன் சக்கரம் இரண்டின் அடியிலும் எலுமிச்சம்பழம் இருப்பதைச் சத்யப்பிரியா பார்த்தாள். தாவீது எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் பார்த்தாள். "ஊறுகாய்க்கு வெச்சிருந்தேன் ரெண்டு பழம், காணோம்னு பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் வண்டி நன்றாகத்தான் வந்தது. ஒரகடம் சாலையில் காற்று அடித்தது. இரண்டு பக்கமும் வயல். சத்யப்பிரியா பின் சீட்டில் கையை அகல விரித்து உட்கார்ந்திருந்தாள். பெரிய தெருவுக்குள் திரும்பியதும் தாவீதின் கழுத்து வியர்த்தது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பெரிய வீட்டுக்கு நேரே வந்ததும் குறுக்கே ஒரு கன்றுக்குட்டி ஓடியது. தாவீது பிரேக்கை மிதித்தார், கிளட்ச்சை மறந்துவிட்டார். வண்டி ஒரு உதறு உதறிவிட்டு நின்றது.

கன்றுக்குட்டி மறுபக்கம் ஓடிப்போனது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. பெரிய வீட்டுக் கதவருகிலிருந்து, நரைத்துப்போன மண்ணாங்கட்டி இறங்கி வந்தார். குனிந்து ஜன்னலில் முகத்தைக் காட்டினார். குரலில் கேலி இல்லை.

"இறங்குங்க. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி விடறேன்."

தாவீது கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். சத்யப்பிரியாவும் இறங்கத்தான் போனாள்.

"யாரும் இறங்க வேணாம்," என்றாள் கிளியம்மாள். மண்ணாங்கட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "தள்ற வண்டி இல்ல இது. நீங்க ஒதுங்கி நில்லுங்க, அது தானா வரும்." தம்பியிடம் குரலைத் தாழ்த்தி, "காலை எடுத்து கிளட்ச்சுல வை. சாவியைத் திருப்பு," என்றாள்.

முதல் முறை அது இருமியது. அந்தச் சில நொடிகளில் அத்தையின் முதுகைத்தான் சத்யப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். அது சீட்டில் சாயவே இல்லை. இரண்டாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி கிழக்குத் தெருவுக்குள் போய், வீட்டு வாசலில் நின்றது.

இறங்கியதும் தாவீது சொன்ன முதல் வார்த்தை, எட்டு காட்டிவிட்டது பார் என்பதுதான்.

"எட்டா வந்து கிளட்ச்சை மறந்துச்சு?" என்றாள் அக்கா.

ஆனால் தாவீது மனதுக்குள் உடைந்துவிட்டார். மறுநாள் வண்டியை எடுத்துப் போனவர், திரும்பும்போது அதை ஒரகடம் சாலையில் ஒரு ரைஸ் மில் கொட்டகையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். கேட்டதற்கு, ஊர்த் தெருவில் பள்ளம் அதிகம் என்றார். பிறகு முழங்கால் வலி என்றார். பிறகு நைட் ஷிப்ட், ஓவர்டைம் என்றார். சர்ச்சுக்குப் போவதென்றாலும் குடும்பமே மில் வரைக்கும் நடந்து போய் அங்கே ஏறவேண்டியிருந்தது. ஊரில் பேச்சு வேறு மாதிரி வந்தது. பெரிய தெருவில் ஒரு தடவை நின்றதோடு அவர்கள் வண்டி ஊருக்குள் வருவதில்லையாம். கிளியம்மாள் அதைத் தண்ணீர்க் குழாயடியில் தன் காதாலேயே கேட்டாள். கேட்டுவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பயந்தவனைத் திட்டி என்ன ஆகும் என்று நினைத்திருப்பாள்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு காலை. கான்டீனுக்குக் கொண்டுபோகவேண்டிய அரிசியை முற்றத்தில் களைந்துகொண்டிருந்த அத்தை, சத்யப்பிரியாவைக் கூப்பிட்டாள். அத்தைக்கு எதையும் கேட்டுப் பழக்கம் கிடையாது, சொல்வாள், நடக்கும். படி என்றாள், படித்தாள். அழாதே என்றாள், அழவில்லை. அதனால் அத்தை அரிசியிலிருந்து கையை எடுத்து, புடவையில் துடைத்து, "சத்யா, உன்னை ஒண்ணு கேக்கட்டுமா?" என்று ஆரம்பித்தபோது சத்யப்பிரியாவுக்குப் பயமாகவே இருந்தது.

"மாரிகிட்ட பேசிட்டேன். மில்லுக்குப் பின்னாடி மைதானத்துல உனக்குக் கத்துக் குடுக்கறேன்னிருக்காரு. கத்துக்கோ. கத்துக்கினு, நீயே வண்டியைப் பெரிய தெரு வழியா வூட்டுக்கு எடுத்துனு வா. நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன், வாயே தொறக்க மாட்டேன். அந்தப் பெரிய வூட்டுக்கு முன்னாடி வரும்போது மட்டும் ஹாரன் அடிடி. குறுக்க யாரும் இல்லாட்டியும் அடி."